கதவடிக் கதிரையும் ஓர் அமெரிக்கத் தளபதியும்

1

போன மாதம் கோலியர்ஸ் வுட்டில் ஒரு மண்டபத்தில் எனக்கு அடி விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அதற்கு என் வீரம் காரணமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள், வரதன் லண்டனில் பெரிய ஆளாகிவிட்டான் என்று இடையில் நினைத்துவிடக் கூடாது.

பெரிய ஆள் இல்லை. மரக்கறி வான் ஓட்டுகிறேன். படித்தது எட்டாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. மோர்டனிலும் ஸ்ட்ரெதமிலும் எங்கள் ஆட்கள் குழம்பில் போடுகிற முருங்கைக்காயில் பாதி என் முதுகில் ஏறி இறங்கியது. லண்டன் தமிழருக்கு நான் செய்த தொண்டு அவ்வளவுதான்.

இன்னொரு விசயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் எங்கே போனாலும் கதவுக்குக் கிட்டத்தான் இருப்பேன். கல்யாண வீடு, செத்த வீடு, டொக்டரின் அறை வாசல், எங்கேயும் என் கண் முதலில் தேடுவது வெளியே போகிற வழியைத்தான். என் மனிசி சுகந்தி வீட்டுக்கு வருகிற ஆட்களிடம் கல்யாண அல்பத்தை எடுத்துக் காட்டுவாள். "மணவறையில இருக்கிறாரே, முகத்தைப் பாருங்கோ. பஸ் வெளிக்கிடப் போகுது எண்ட மாதிரி இல்லையே?"

உண்மைதான். அப்படித்தான் இருக்கிறேன்.

2

எங்கள் மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. ஒன்பது வயதில் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டிக்கு ஏற்றினோம். மூன்றாவது வரியில் மறந்துபோய் நின்றாள். முன்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னால் இருந்த பெரியவர்கள் அதைவிடக் கூடச் சிரித்தார்கள். இறங்கி வந்தவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அன்றிலிருந்து நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலிசில் பதில் சொல்வாள். இரண்டு நாடுகள் தூதுவர் இல்லாமல் பேச்சுவார்த்தை நடத்துவதுபோல எட்டு வருடம் ஓடிவிட்டது.

ஆனால் என்னுடைய வெளிநாட்டு அமைச்சும் அவள்தான். வாகனம் நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் வானை நிறுத்தியதற்கு கவுன்சில் அனுப்புகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுகிறவள் அவள். "அப்பா, உண்மையா எத்தினை நிமிசம் நிண்டனீங்கள்?" என்று இங்கிலிசில் கேட்பாள். நான் நாலு என்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பத்து என்று எழுதுவாள். அதனால்தான் சில கடிதங்களில் மன்னிப்புக் கிடைத்திருக்கிறது.

வருகிற செப்டெம்பரில் அவள் யுனிவர்சிற்றிக்கு வடக்கே போகிறாள். போக முதல் ஒரு தடவை அந்த மேடையில் தமிழில் பேசிக் காட்ட வேண்டும் என்பது சுகந்தியின் ஆசை. ஆசை என்றால் சின்ன ஆசை இல்லை. மூன்று கிழமை சோறு போடும்போதெல்லாம் பெருமூச்சு விட்டாள். கடைசியில் ஆரணி கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு இங்கிலிசில் சொன்னாள்.

"ஓகே. ஒருக்கா. என்ர டாப்பிக். அப்பா முன் வரிசையில இருக்கோணும். நான் மறந்தா அவர் வாயை அசைச்சுக் காட்டோணும்."

"அதுக்கென்ன, இருப்பார்," என்றாள் சுகந்தி.

"இது பிழைச்சா, இனி ஒருநாளும் என்னைத் தமிழ் கதைக்கச் சொல்லக் கூடாது. டீல்?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் கதவைப் பார்த்தேன். டீல் என்று சொல்லிவிட்டேன்.

3

அவளுடைய டாப்பிக் என்னவென்றால், ஏ-லெவல் சரித்திரத்தில் படிக்கிற ஒரு தளபதி. அமெரிக்காக்காரர் இங்கிலாந்து ராசாவுக்கு எதிராகப் புரட்சி செய்தபோது அவர்களின் படையை நடத்தியவர். பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் எழுத்துப்பிழை வரும். அந்த ஆள் உண்மையிலேயே கெட்டிக்காரனா, இல்லை அதிர்ஷ்டக்காரனா என்று எடைபோடுவதுதான் பேச்சு.

காலையில் அவளைக் கொலிச்சில் விடுகிற வழியில் வானுக்குள் மொழிபெயர்ப்பு நடக்கும். அவள் இங்கிலிசில் ஒரு வரி வாசிப்பாள். சிவப்பு லைற்றில் நான் அதைத் தமிழாக்குவேன். பச்சை விழுந்ததும் மறந்துவிடுவேன். முதல் நாளே 'ஸ்ட்ராடஜி', 'டாக்டிக்ஸ்' என்ற இரண்டு சொற்களில் வான் நின்றுவிட்டது.

ஸ்ட்ரெதமில் மரக்கறி இறக்குகிற கடை ராசன் அண்ணையுடையது. அந்தக் கடையில் அரிசி மூட்டைகளில் சாய்ந்து நின்றபடி நாங்கள் உலகத்தின் எல்லாப் போர்களையும் நடத்தி முடித்திருக்கிறோம். ஒரு தளபதியும் எங்களிடம் பாஸ் எடுத்ததில்லை. அங்கே நிற்கிற ஒருத்தரும் போருக்குப் போனதில்லை என்பது வேறு கதை. அந்த இரண்டு சொற்களுக்கும் தமிழ் என்னவென்று ராசன் அண்ணையிடம் கேட்டேன்.

"மூலோபாயம், தந்திரோபாயம்," என்றார் ராசன் அண்ணை, மிளகாய்ப் பெட்டியை எண்ணிக்கொண்டு. "ஏன்ரா வரதன், முருங்கைக்காய்க்கு எதுக்கடா மூலோபாயம்?"

"பிள்ளைக்கு அண்ணை. பள்ளிக்கூட விசயம்."

அத்தோடு விட்டுவிட்டேன். அமெரிக்கா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பின்னால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

அடுத்த நாள் ஆரணிக்கு விளக்கம் கொடுத்தேன். "பிள்ளை, கடைசியா இறக்கப் போற பெட்டியை முதல்ல ஏத்தோணும். ஆருக்கு எப்ப, எந்த றோட்டால எண்டு விடியவே யோசிச்சு வைக்கிறது மூலோபாயம். மோர்டனில மஞ்சள் கோட்டில நிப்பாட்டி, தண்டம் எழுதுற வோர்டன் அந்த முடக்கால வாறத்துக்குள்ள பத்துப் பெட்டி இறக்கிறது தந்திரோபாயம்."

அவள் யோசித்தாள். பிறகு, எட்டு வருடத்துக்குப் பிறகு, என்னிடம் ஒரு முழு வசனம் தமிழில் சொன்னாள்.

"அப்ப நீங்க தந்திரோபாயத்தில நல்லம், மூலோபாயத்தில சைபர்."

"ஏனடி?"

"ரெண்டு வருசத்தில திரும்பிப் போறன் எண்டு வந்தனீங்கள் எண்டு அம்மா சொன்னவா."

ஒரு பச்சை லைற்றை அப்படியே விட்டுவிட்டேன். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

ஆனால் அந்த ஆளின் கதை எனக்குப் பிடித்துக்கொண்டது. முதல் பெரிய சண்டையில் அவர் விட்ட பிழையைக் கேட்டால் எங்கள் களஞ்சிய மனேச்சர்கூடச் சிரிப்பான். சுற்றிவரக் கடலில் எதிரியின் கப்பல். இவர் படையைப் பிரித்து ஒரு பாதியைத் தீவில் கொண்டுபோய் வைத்தாராம். போதாததற்கு ஒரு பாதையைச் சரியான காவல் இல்லாமல் விட்டாராம். எதிரி அதாலேயே சுற்றி வந்துவிட்டான். இன்னொரு இடத்தில் படையை நாலு றோட்டால் அனுப்பி, விடியும்போது எல்லாரும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வர வேண்டும் என்று திட்டம். பனிப்புகாரில் ஆளுக்கு ஆள் தெரியாமல் தங்கள் ஆட்களையே சுட்டுக்கொண்டார்கள். சனிக்கிழமை ஏ24 றோட்டில் ஒரு தடவை வான் ஓடியிருந்தால் அந்த மனிசன் அப்படி ஒரு திட்டம் போட்டிருக்க மாட்டார்.

"அப்ப எப்பிடி வெண்டவர்?" என்று கேட்டேன்.

"அவருக்கு எப்ப விட்டிட்டுப் போறது எண்டு தெரியும் அப்பா. டவுனை விட்டவர். படையை விடேல்ல."

ஓடுகிறவனுக்கும் சரித்திரத்தில் இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு வான் ஓட்டினேன்.

4

பேச்சுக்கு ஐந்து நிமிடம். ஐந்தில் மணி அடித்தால் இறங்க வேண்டும். சுகந்தி முழுவதையும் ஏ-பி-சி-டி எழுத்தில் தமிழாக எழுதிக் கொடுத்தாள். இங்கே பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் பாடமாக்குவார்கள். போனில் நேரம் வைத்துப் பார்த்தால் ஏழரை நிமிடம் வந்தது. அதில் ஒன்றரை நிமிடம் வணக்கம்.

ஊரில் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, நடுநிலை தவறாத நடுவர் பெருமக்களே, அதிபர் அவர்களே, அறிவூட்டும் ஆசிரியர்களே, பெற்றோர்களே, என் போன்ற மாணவச் செல்வங்களே என்று ஒரு ஊர்வலம் போய் முடிந்த பிறகுதான் விசயம் வரும்.

"ஹலோ எண்டு சொன்னாப் போதாதோ?" என்றாள் ஆரணி.

"விசரே? நடுவரைக் கூப்பிடாட்டிப் புள்ளி வெட்டுவினம்," என்றாள் சுகந்தி.

"அப்ப எதை வெட்டுறது?"

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க நாடு, ராசா, வருடம், தளபதியின் பெயர், பிறந்த இடம். வாயில் நுழையாத சொற்கள். யாருக்குத் தேவை?

"அமெரிக்காவை வெட்டு," என்றேன்.

தோற்ற படையோடு அவர் ஆற்றைக் கடந்து தப்பிய கதையிலும் ஒரு துண்டு நீளமாக இருந்தது. அதையும் வெட்டினேன். இப்போது ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. என் வாழ்க்கையிலேயே நான் பதிப்பித்த ஒரே எழுத்து அது. வணக்கம் ஒன்றும் குறையவில்லை. போர் நடந்த நாடு மட்டும் இல்லை.

5

மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசைக் கதிரைகளில் 'பிரமுகர்' என்று தாள் ஒட்டியிருந்தார்கள். நான் பிரமுகர் இல்லை என்பது எனக்கு அப்போது நல்ல வசதியாக இருந்தது. பின்னால் கதவடியில் ஒரு கதிரை. பக்கத்தில் பூமணி அக்காவின் தேத்தண்ணி மேசை. எந்த விழாவென்றாலும் தேத்தண்ணியும் வடையும் அவதான். அவவின் மூத்த மகன் ஊரில் நடந்த எங்கள் போரில் கடைசி வரைக்கும் நின்றவன். பிறகு ஒரு தகவலும் இல்லை. அக்கா அதைப் பற்றிக் கதைக்கிறதில்லை. போர் பற்றி யாராவது தொடங்கினால் எழும்பிப்போய்க் கடலை மா குழைப்பா. அவவின் மேசை கடைசியில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

"முன்னுக்குப் போவன் வரதன், பிள்ளை ஏறப் போகுது," என்றா.

"இஞ்சயிருந்தும் தெரியும் அக்கா. ஒரு வடை தாங்கோ."

ஆரணி மேடையில் ஏறி முன் வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சுகந்தி மூன்றாவது வரிசையிலிருந்து கையைக் காட்டினாள். ஆரணி அவளுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் கதிரையைப் பார்த்தாள். பிறகு வணக்கத்தைத் தொடங்கினாள்.

வணக்கம் அருமை. நடுவர்கள் தலையாட்டினார்கள். பிறகு வந்தது:

"ஒரு விடுதலைப் போரின் தளபதியை நாங்கள் எப்படி மதிப்பிடுவது? அவர் மாவீரரா, அல்லது பிழைகள் விட்டவரா?"

மண்டபத்தில் கதைத்துக்கொண்டிருந்த சனம் கதையை நிறுத்தியது. எனக்குச் சந்தோசம். என் தமிழுக்கு இவ்வளவு மரியாதையா என்று வடையைக் கடித்தேன்.

"அவர் தன் படையைப் பிரித்தார். அது பிழை. ஒரு பாதையைக் காவல் இல்லாமல் விட்டார். அது பெரிய பிழை. அவர் வென்ற சண்டைகளைவிடத் தோற்ற சண்டைகளே கூட."

யாரோ ஒருவர் கை தட்டினார். இன்னொருவர் அவரைத் திரும்பி முறைத்தார். ஒரு பெண் தன் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். என் வாயில் வடை அப்படியே நின்றது. ஆரைப் பற்றி என்று ஒரு இடத்திலும் இல்லை! இந்த மண்டபத்தில் தளபதி என்றால் எல்லாருடைய மனதிலும் ஒரே ஒரு முகம்தான் வரும். அமெரிக்காவை வெட்டியது நான்.

ஆரணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாடமாக்கியதைச் சொல்லிக்கொண்டே போனாள்.

"கடைசியில் அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக் கப்பல் வரும் என்று காத்திருந்தார்."

எங்கள் ஆட்களுக்கும் ஒரு கப்பல் கதை இருக்கிறது. வரும் வரும் என்று கடைசி நாட்களில் லண்டனில்கூட வீட்டுக்கு வீடு போன் அடித்துச் சொன்ன கப்பல். வராத கப்பல். அதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

ராசன் அண்ணை எழும்பினார். "மணியை அடியுங்கோ! பிள்ளை, ஆரைப் பற்றி இந்தக் கதை? ஆர் உமக்கு இதை எழுதித் தந்தது?"

"பிள்ளை பேசட்டுமன், உள்ளதைத்தானே சொல்லுது!" என்றது இன்னொரு பக்கம்.

"என்ன உள்ளது? உமக்கு என்ன தெரியும்? நீர் எங்க நிண்டனீர் அப்ப?"

"நீர் எங்க நிண்டனீர்? கடையிலதானே!"

கதிரைகள் இழுபட்டன. மணி அடிக்க வேண்டிய மாஸ்டர் மணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மேடையில் ஆரணி. கையில் சுகந்தி எழுதிய தாள். ஒன்பது வயதில் நின்ற அதே இடம். கண் மண்டபம் முழுக்க என்னைத் தேடிக்கொண்டிருந்தது.

எனக்கும் கதவுக்கும் இடையில் மூன்று அடி. தள்ளினால் திறக்கிற இரும்புத் தடி போட்ட கதவு. வான் வெளியில் மஞ்சள் கோட்டில் நிற்கிறது. உண்மையைச் சொல்கிறேன், கை தடியில் பட்டுவிட்டது. குளிர்ந்தது.

"வடையை வைச்சிட்டுப் போ," என்றா பூமணி அக்கா, என்னைப் பார்க்காமல் தேத்தண்ணி வார்த்துக்கொண்டு. எந்தப் பக்கம் போகச் சொன்னா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வடையை வைத்தேன். நடந்தேன். நடுவில் ஒரு பையில் கால் தடக்கி ஒரு மாமியின் மடியில் கைவைத்து எழும்பி, முன்னுக்கு வந்துசேர்ந்தேன். படை நடத்துகிறவர்கள் இப்படி நடக்க மாட்டார்கள்.

"நான்தான் அண்ணை எழுதினது," என்றேன்.

ராசன் அண்ணை வாயைத் திறந்தபடி நின்றார். "நீயோ? நீ எழுதுவியோ?"

"அது அமெரிக்காக்காரர். ராசாவோட சண்டை பிடிச்ச அமெரிக்காக்காரர். அஞ்சு நிமிசத்துக்குள்ள அடங்கேல்ல. வணக்கத்தை வெட்ட ஏலாது எண்டு அமெரிக்காவை வெட்டிப்போட்டன்."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அது முன்னுக்கு உருண்டு வந்தது. நடுநிலை தவறாத நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "வரதன், நீ விசரனடா," என்று ராசன் அண்ணை கதிரையில் இருந்தார். என்னைப் பார்த்துச் சனம் சிரிப்பது எனக்குப் பழக்கம். இந்தத் தடவை ஆரணியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுவே காணும்.

சிரிப்பு அடங்கும்போது கடைசியிலிருந்து ஒரு குரல். பூமணி அக்கா. கையில் கேத்தில்.

"பிள்ளை, அந்த அமெரிக்காக்காரன் தோத்து வெளிக்கிட்டவன் எண்டால், நிண்ட பெடியளுக்கு என்ன நடந்தது?"

அது நான் வெட்டிய துண்டு. தாளில் இல்லை. ஆரணி என்னைப் பார்த்தாள். நான் வாயை அசைக்க எனக்கும் அந்த வரிகள் ஞாபகம் இல்லை. அவள் தாளை மடித்தாள்.

"எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனவர் அன்ரி. ஆறு... பெரிய ஆறு. போட்டில... படகில. பனிப்புகார் வந்தது, எனிமிக்குத் தெரியேல்ல. எல்லாரும் ஏறும் வரைக்கும் அவர் கரையில நிண்டவர். கடைசி போட்டிலதான் அவர் ஏறினவர் எண்டு சொல்லுவினம்."

போரை எடைபோட்ட ஆண்கள் எல்லாரும் சப்பாத்தைப் பார்த்தோம்.

"ம்," என்றா பூமணி அக்கா. கேத்திலை மற்றக் கைக்கு மாற்றினா. "அப்ப அவன் கெட்டிக்காரன்தான்." திரும்பிப்போய்த் தேத்தண்ணி வார்த்தா.

மாஸ்டர் அப்போதுதான் ஞாபகம் வந்து மணியை அடித்தார்.

6

ஆரணிக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. நேரம் கடந்ததற்குப் புள்ளி வெட்டினார்களாம். வானுக்கும் தண்டக் கடிதம் ஒட்டியிருந்தது. சுகந்தி பரிசுக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். முன்னால் சீற் மூன்று இருந்தும் கிண்ணத்துக்கு இடம் போதவில்லை என்று அங்கே ஏறியவள். அவள் சந்தோசத்தில் அப்படித்தான்.

மேர்ட்டன் தாண்டும்போது ஆரணி கேட்டாள். தமிழில்.

"அப்பா, நீங்க சண்டை நேரம் ஊரை விட்டு வரேக்க கடலேரி கடந்தனீங்கள்தானே. நீங்க எத்தினையாவது போட்?"

அந்தக் கதையை நான் அவளுக்கு நூறு தடவை பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். என் சாரம் கழன்றது, ஓட்டி என்னை மீன் என்று நினைத்தது, அப்படி இப்படி. எத்தனையாவது படகு என்று மட்டும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

"முதலாவது," என்றேன்.

"லக்கி."

"லக் இல்லையம்மா. முன்னால ஒரு அண்ணை நிண்டவர். கால் ஏலாதவர், ஊண்டுற கட்டையோட. அவரை இடிச்சுப்போட்டு ஏறினனான்."

"அவர் அடுத்த போட்டில வந்தவரோ?"

"தெரியாது. நான் திரும்பிப் பாக்கேல்ல."

சிவப்பு லைற்றில் நின்றோம். பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். சுகந்தி பின்னாலிருந்து, "போங்கோவன்," என்றாள், மெதுவாக.

இரண்டு கிழமை கழித்து மாஸ்டரின் மகளுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். நான் வானை இரண்டு தெரு தள்ளி ஒழுங்கான இடத்தில் நிறுத்திவிட்டு வந்தேன். அதற்குள் ஆரணி கதிரை பிடித்திருந்தாள். முன் வரிசை, சரி நடுவில், மணவறைக்கு நேர் எதிரே. கதவு பின்னால் எங்கேயோ இருந்தது.

"அப்பா, இஞ்ச வாங்கோ. இருங்கோ," என்றாள்.

கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பூமணி அக்கா அங்கிருந்தே தொடங்கி ஒவ்வொரு வரிசையாக வடைத் தட்டத்தோடு வந்துகொண்டிருந்தா. எங்களிடம் வந்துசேரும்போது வடை ஆறிப்போயிருந்தது.

இருந்து சாப்பிட்டேன்.